வெயில் ஏறுவதற்குள் பதநீர்: கண்மாய்க் கரை வரிசையில் நின்ற அனுபவம்

மாசி பாதி கடந்ததும் மதுரைக்குத் தெற்கே பனைகளில் கலயம் ஏறிவிடும். மண்டேலா நகர் தாண்டி அருப்புக்கோட்டை சாலையில் வலையங்குளம், காரியாபட்டி என்று போகும்போது கண்மாய்க் கரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனால் மட்டைகளுக்கு நடுவே அவை தெரியும். கலயம் தொங்குகிற மரத்தடியில் பொழுது புலரும் முன்பே ஆட்கள் நிற்பார்கள். இறங்குவது கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், போதாததற்கு வெயில் ஏறினால் பதநீர் பதநீராக இருக்காது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த வரிசை.

பல வருடமாக அதில் நிற்கிறேன். நகரத்துக்குள் மத்தியானம் விற்பதை வாங்கிக் குடித்துவிட்டு, "பதநீர்ல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் குடித்தது பொழுது தப்பியதாக இருக்கலாம், பதநீரே இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். மரத்தடியில் நின்று ஓலைப் பட்டையில் ஒரு பட்டை குடித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இந்த முறை என்னோடு வந்தவன் என் கல்லூரிச் சிநேகிதன். கலிபோர்னியாவில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மதுரைக்கே திரும்பிவிட்டவன். வரிசையில் நிற்பது அவனுக்குப் புதிதில்லை. அங்கே சாண்டா ரோசா என்ற ஊரில் ரஷ்யன் ரிவர் என்று ஒரு பீர் ஆலை இருக்கிறது. ‘பிளினி தி யங்கர்’ என்ற பீரை அவர்கள் 2005-லிருந்து வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளியிடுகிறார்கள். ஆல்கஹால் 10 சதவீதத்துக்குச் சற்று மேலே. அதற்காக ஜனங்கள் இருட்டோடு வந்து, மடக்கு நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடைபாதையில் காத்திருப்பார்களாம். பக்கத்தில் நிற்கிற அறிமுகமில்லாத ஆளோடு பேசிப் பேசியே சிநேகமாகிவிடுவார்களாம். ஹாப்ஸ் என்கிற பூவின் வாசம்தான் அந்த பீருக்கு உயிர். வைத்திருந்தால் வாசம் இறங்கிவிடும் என்பதால் புதிதாகவே குடிக்க வேண்டும் என்று ஆலைக்காரர்களே வற்புறுத்துவார்களாம்.

"அப்படின்னா உனக்குப் பதநீர் வரிசை கஷ்டமா இருக்காது, வா" என்று கூட்டிப்போனேன். நாலரை மணிக்கு அவனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் பின்னால் தூக்குவாளிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாத்திரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் தூக்கு கொண்டு போங்கள். அலுமினியம் வேண்டாம், பதநீரில் இருக்கும் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். குடிதண்ணீர் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. முந்தின ராத்திரியே தூக்கைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பழைய மோர் வாசம், புளிப்பு வாசம் ஒட்டிய பாத்திரத்தில் வாங்கினால் வீடு வருவதற்குள் புளித்துத் திரும்பிவிடும்.

ஒரு டார்ச்சும், கணுக்கால் மூடிய செருப்போ ஷூவோ அவசியம். கண்மாய்க் கரை, இருட்டு, கோரைப்புல். பூச்சி பொட்டு நடமாடும் இடம். காசு சில்லறையாக இருக்கட்டும். கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் போனில் சிக்னல் கிடைக்காது, ஜிபேயை நம்பி நின்றவர்கள் முகம் வாடித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னால் ஆட்கள் அதிகம் இல்லை, பாத்திரங்கள்தான் இருந்தன. தண்ணீர் லாரிக்குக் குடம் போடுவது மாதிரி தூக்கும் வாளியும் கேனும் வரிசையாகக் கரைமேல் உட்கார்ந்திருந்தன. பாத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கவும் டீ குடிக்கவும் போயிருந்தார்கள். வெளியூரிலிருந்து போகிறவர்கள் இந்த வழக்கத்தை மதிக்க வேண்டும். ஆள் இல்லையே என்று ஒரு தூக்கைத் தாண்டி நம்முடையதை வைப்பது பெரிய சண்டைக்கு வழி. நம் பாத்திரத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, முன்னால் இருப்பது யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். கலயம் இறங்கத் தொடங்கும்போது ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பாத்திரம் பின்னுக்குப் போகும், அது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட நியாயம்.

மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். பழுத்த மட்டை எப்போது விழும் என்று சொல்ல முடியாது, மட்டையின் இரு ஓரமும் ரம்பப் பல்லாகக் கருக்கு இருக்கும். மேலே இருப்பவரின் முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. மேலே இருக்கும்போது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, கையில் கலயம் என்று அத்தனை உயரத்தில் ஒருவர் நிற்கிறார். அவருடைய கவனம் நம்மால் ஒரு கணம்கூடக் கலையக் கூடாது.

அந்தப் பனையேறி அய்யாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். விடியலில் ஏறிக் கலயத்தை இறக்குவார், பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, சுண்ணாம்பு தடவிய வேறு கலயத்தைக் கட்டுவார். சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பாளை வீண். அதனால் சீசன் முடியும்வரை அவருக்குக் கல்யாணம் காட்சி, நல்லது கெட்டது என்று எதற்கும் ஊரைவிட்டு நகர முடியாது. பாளை வெளியே வந்ததும் கடிப்பு என்கிற மரக் கிட்டியை வைத்து நசுக்கி, நாரால் கட்டி, பல நாள் பக்குவப்படுத்தினால்தான் முதல் சொட்டே விழும். நாம் வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சிநேகிதன் அவர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்து, "சுண்ணாம்பு எதுக்குடா?" என்றான்.

பனம்பாளையில் சுரப்பது ஏறக்குறைய நூறு மில்லிக்கு பத்து, பன்னிரண்டு கிராம் சர்க்கரை கரைந்த நீர். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் இருக்கிறது. அந்தச் சர்க்கரையைக் கண்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும், சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தால் நீரில் காரத்தன்மை ஏறுகிறது, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் பெருக முடியாமல் அடங்கிக் கிடக்கின்றன. அடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். செத்துப்போவதில்லை. வெயில் சூடு ஏற ஏற அவை மறுபடி தலைதூக்கும்.

இதைச் சொன்னதும் அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "அங்க பார்லியை முளைக்க வச்சு, வறுத்து, வெந்நீர்ல ஊறப்போட்டு, அதிலருந்து சர்க்கரையை எடுக்கவே அவ்வளவு பாடு படுவாய்ங்க மாப்ள. அப்புறம் ஈஸ்ட்டைப் போட்டுட்டு வாரக்கணக்குல காத்திருப்பாய்ங்க. இங்க மரமே சர்க்கரையைக் குடுத்துருது. ஈஸ்ட்டு எந்திரிக்கிறதுக்குள்ள நாம குடிச்சு முடிக்கணும்!"

எனக்குள் பல வருடமாக இருந்ததை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். பதநீர் வரிசையின் அவசரத்துக்கு அதுதான் காரணம். பீப்பாயில் போட்டு வைத்து அடுத்த மாதம் விற்கிற சரக்கு இல்லை இது. ராத்திரிக் குளிரில் சொட்டியது, விடியலில் இறங்குவது, உச்சிக்கு முன் தீர வேண்டியது. ஆகவே காலைப் பதநீரையே வாங்குங்கள். பகல் வெயிலில் கலயத்தில் கிடந்து சாயங்காலம் இறங்குகிறதில் ருசி ஒரு படி குறைவாகத்தான் இருக்கும்.

வெளுக்கத் தொடங்கியபோது வரிசை நீண்டிருந்தது. பால்காரர் ஒருவர், திருமங்கலம் பக்கத்திலிருந்து மாமியாருக்காக வந்த ஒரு பெண், விமான நிலையப் பக்கம் வேலைக்குப் போகும் வழியில் நின்ற இரண்டு இளைஞர்கள். அய்யாவின் மகள் கரைமேல் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து, வாயில் பன்னாடையை விரித்து, அதன்மேல் வெள்ளைத்துணி போட்டுக் கலயங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தார். எறும்பும் தேனீயும் பன்னாடையில் தங்கிவிடும். அவற்றைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இனிப்பு இருக்கிற இடத்துக்கு அவை வரத்தான் செய்யும், வடிகட்டுகிறார்களா என்று மட்டும் கவனித்தால் போதும்.

"எவ்வளவுக்கா கிடைக்கும்?" என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

"கலயம் எல்லாம் இறங்கட்டும்ணே. இறங்காம நான் என்னத்தச் சொல்ல? ஆளுக்கு ரெண்டு லிட்டருக்கு மேல கேக்காதீக, பின்னாடி நிக்கிறவகளும் விடியக்காலையில எந்திரிச்சு வந்தவகதான."

யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் ஓர் ஆள் வரிசையை விட்டு விலகி அக்காவிடம் போய்த் தணிந்த குரலில், சுண்ணாம்பு போடாத கலயம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அக்கா குரலைத் தாழ்த்தாமலேயே பதில் சொன்னார்: "அதெல்லாம் நாங்க எறக்குறதில்லை. கேக்குறதா இருந்தா இங்கிட்டு வராதீக." தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள் இறக்கவும் விற்கவும் தடை. கேட்கிறவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார், வழக்கு என்று வந்தால் மரத்தில் ஏறுகிறவர் குடும்பம்தான் அலையும். அந்தத் தடை சரியா தவறா என்று வாதாட நிறைய இருக்கிறது, எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் அதை ஒரு பனையேறியின் மரத்தடியில் போய்ச் சோதிக்கக் கூடாது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்கள் முறை வந்தது. அக்கா பச்சை ஓலையை மடக்கி, நுனியைச் சேர்த்துக் கட்டிய பட்டையை நீட்டினார். பட்டையை இரண்டு கையாலும் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒற்றைக் கையில் வாங்கினால் பாரத்தில் மடங்கிச் சட்டையெல்லாம் நனையும். முதல் வாயை விழுங்காமல் நாக்கில் வையுங்கள். இனிப்பு, பச்சை ஓலை வாசம், பின்னால் இலேசாகச் சுண்ணாம்பின் ஒரு சுவடு. நல்ல பதநீரில் இந்த மூன்றும் இந்த வரிசையிலேயே வரும். சுண்ணாம்பு முதலில் வந்து நாக்கு கூசினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு மேலாக இறுத்துக் குடிக்கலாம். புளிப்பும், அடியிலிருந்து பொடிப்பொடியாக எழும் குமிழும் இருந்தால் திரும்பத் தொடங்கிவிட்டது, விட்டுவிடுங்கள்.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். தண்ணீரில் சாக்ரினும் சுண்ணாம்பும் கலந்து விற்பவர்கள் உண்டு. சாக்ரின் இனிப்பு குடித்து முடித்த பின்னும் தொண்டையில் நின்றுகொண்டே இருக்கும், கடைசியில் கசக்கும். ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவே தேய்த்துக் காயவிட்டால் நிஜப் பதநீர் பிசுபிசுவென்று ஒட்டும், சாக்ரின் தண்ணீர் ஒட்டாது. வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்திருந்தால் இந்தச் சோதனை உதவாது, வாசத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் ஊரில் இருக்கிற கூட்டத்துக்கு எத்தனை பனை சுரந்தாலும் காணாது. ஆனாலும் வீதியெங்கும் பதநீர் விற்கும். நான் அந்த நாட்களில் நகரத்துக்குள் வாங்குவதில்லை.

விலையில் பேரம் பேசாதீர்கள். சாலையோரக் கடையைவிட அக்கா கூடத்தான் கேட்டார், கொடுத்தோம். சிநேகிதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாங்கள் வாங்கியதைக் காய்ச்சினால் என்ன கிடைக்கும்? ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை பதநீர் வேண்டும், அடுப்பில் விறகை எரித்துக் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும், அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். மரத்தடியிலேயே நல்ல விலைக்கு விற்றுத் தீர்ந்தால் அந்த நாளில் அக்காவுக்கு அடுப்புப் புகை மிச்சம். அய்யாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், மரம் ஏறுவதில்லை. பனை நம் மாநில மரம். அதை வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் மரம் மட்டும் நின்றால் போதுமா? ஏற ஆள் வேண்டும். ஏறுகிறவருக்கு அதில் சோறு கிடைக்க வேண்டும்.

அக்காவிடம் நுங்கும் கேட்டான் சிநேகிதன். பதநீரில் நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பது அவனுடைய சின்ன வயசு ஆசை. பதநீருக்காகச் சீவுகிற பாளையில் காய் பிடிக்காது. நுங்கு வேண்டுமென்றால் பெண்பனையில் சில பாளைகளைச் சீவாமல் விட்டுவைக்க வேண்டும். "சித்திரையில வாங்க தம்பி, ரெண்டு மரத்த விட்டு வச்சிருக்கோம்" என்றார்.

திரும்புவதற்கு முன் அவன் தயங்கி நின்றான். அவன் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அந்தக் காலத்தில் சைக்கிளில் போய்ப் பதநீர் வாங்கி வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். இப்போது அவருக்கு இதைக் கொண்டு போகலாமா? வரிசையிலிருந்த ஒருவர், "பதநீர் இயற்கைதானே, சர்க்கரை ஏறாது" என்றார். இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் நான் மறுத்துவிடுவேன். ஒரு பெரிய டம்ளரில் முப்பது கிராம் சர்க்கரை வரை இருக்கும். இயற்கையாக வந்த சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரைதான். அவன் அங்கேயே நின்று அப்பாவைப் பார்க்கும் மருத்துவருக்குச் செய்தி அனுப்பப் பார்த்தான், சிக்னல் இல்லை. சாலைக்கு ஏறியதும் அனுப்பினான். காலைச் சாப்பாட்டில் இரண்டு இட்லியைக் குறைத்துவிட்டு, அரை டம்ளருக்கும் குறைவாகக் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. அது அவருடைய உடம்பைத் தெரிந்தவர் அவருக்காகச் சொன்னது. மற்றவர்கள் தங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். நலமாக இருப்பவர்களும் வெறும் வயிற்றில் அளவு மீறிக் குடித்தால் வயிறு இளகிவிடும், ஒரு பட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி கொண்டு வருகிற பாடு. தூக்கை முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும். மூடியை இறுக்கி அழுத்தக் கூடாது, ஈரத்துணியைச் சுற்றி நிழல்படும் பக்கம் வைக்க வேண்டும். பாட்டில் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். சுண்ணாம்பையும் மீறி ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டால் கரியமில வாயு வரும். இறுக மூடிய பாட்டிலில் அது போக வழியில்லை. பிளாஸ்டிக் என்றால் ஊதிப் பீய்ச்சும், கண்ணாடி என்றால் வெடிக்கவே செய்யலாம். வீட்டில் பீர் வடித்துப் பாட்டிலில் அடைக்கிறவர்கள் அங்கே இதே பயத்தோடுதான் இருப்பார்கள் என்று சிநேகிதன் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்தால் அன்றைக்குச் சாயங்காலம்வரை தாங்கும். மறுநாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

மீந்ததைக் கொட்ட வேண்டாம், பொங்கல் வையுங்கள். சிநேகிதன் வீட்டில் அன்றைக்கு அவன் அம்மா வைத்தார்கள். ஒரு டம்ளர் பச்சரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு. இரண்டையும் முதலில் வெறும் தண்ணீரிலேயே முக்கால் பதம் வேகவிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீரில் அரிசி சீக்கிரம் வேகாது, ஆரம்பத்திலேயே பதநீரை ஊற்றினால் விதைவிதையாக நிற்கும். அரிசி மலர்ந்ததும் தெளிந்த பதநீர் மூன்று டம்ளர் ஊற்றி, தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நுரைத்துப் பொங்கி வரும், அகலமான பாத்திரமாக இருக்கட்டும். சுக்கு, ஏலக்காய், நெய்யில் வதக்கிய தேங்காய்ச் சில்லு. வெல்லம் எதுவும் வேண்டாம். தூக்கின் அடியில் வண்டலாகத் தங்கிய சுண்ணாம்பை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

ஆனி, ஆடி வரைக்கும் சுரப்பு இருக்கும், சித்திரை வைகாசியில்தான் உச்சம். போக நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் வரிசை பாதியாகக் குறையும். முந்தின நாளே மரத்துக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். ராத்திரி கோடைமழை பெய்திருந்தால் கிளம்ப வேண்டாம். கலயத்தில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும், மரமும் வழுக்கும். அன்றைக்கு அய்யாவை ஏறச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது.